அளந்ததை அப்படியே எழுது: இயற்பியலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டி வருபவர்களுக்கும்

இயற்பியல் ஆய்வகத்தில் நம் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது, விடையிலிருந்து ரீடிங்குக்குப் போவதைத்தான். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று புத்தகத்தில் இருக்கிறது. அது வருகிற மாதிரி அலைவு நேரத்தை எழுதிவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்த இருபதையும் எதையுமே உருப்படியாக அளக்காமல் வாங்கிவிட முடிகிறது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. 9.8 எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணும், 9.5 எழுதிவிட்டு ஏன் அப்படி வந்தது என்று யோசித்தவருக்குக் குறைவாகவும் போட்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

பிள்ளைகளை அறிவியல் பக்கம் திருப்ப என்ன செய்யலாம் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் அக்கறையோடு கேட்கிறார்கள். ராக்கெட் காணொளி, கருந்துளைப் படம், விஞ்ஞானி வந்து பேசும் கூட்டம் எல்லாம் நல்லவைதான். ஆனால் அந்த உற்சாகம் அடுத்த மாதத் தேர்வு வரைக்கும் தாங்காது. ஒரு பிள்ளை தன் கையால் ஒரு எண்ணை அளக்க வேண்டும். அது எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்று தானே சொல்ல வேண்டும். அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒருமுறை கூடி வந்துவிட்டால் அந்தப் பிள்ளையை நாம் இழுக்க வேண்டியதில்லை, தானே வரும். இயற்பியலை வேலையாகக் கொண்டவர்கள் நாள்தோறும் செய்வதும் இந்த மூன்றைத்தான்.

அதனால் இந்தப் பதிவின் முதல் பாதி சோதனைகள், மறு பாதி படிப்பும் வேலையும்.

ஊசலில் தொடங்கலாம்

தனி ஊசல் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, எல்லோரும் அலட்சியமாகச் செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் இதைவிட நல்ல முதல் சோதனை கிடையாது.

கொக்கி வைத்த 2 செ.மீ. விட்டமுள்ள உலோகக் குண்டு, ஒன்றரை மீட்டர் நூல், உறுதியான ஸ்டாண்டு, நடுவில் பிளந்த தக்கை, மீட்டர் அளவுகோல், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். பருத்தி நூல் வேண்டாம். அது குண்டின் எடைக்கு நீளும், முறுக்கு அவிழ்ந்து குண்டைச் சுழற்றும். தூண்டில் நரம்பு நல்லது. நூலைக் கம்பியில் சுற்றிக் கட்டினால், ஆடும்போது அது கம்பியில் கொஞ்சம் சுற்றி அவிழ்ந்து, தொங்கும் புள்ளி இடம் மாறும். பிளந்த தக்கையின் இரு பாதிகளுக்கு நடுவே நூலை வைத்து இறுக்குவது அதற்காகத்தான். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றுப் பட்டால் குண்டு நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டத்தில் சுற்றத் தொடங்கும். குண்டைக் கையால் தள்ளாமல், ஓரமாக இழுத்துப் பிடித்துச் சும்மா விட வேண்டும்.

நீளம் என்பது தக்கையின் அடிப்புறத்திலிருந்து குண்டின் நடு வரைக்கும். அதை மீட்டரில் எடுத்து 39.48-ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் வரும். தமிழ்நாட்டில் ஒரு மீட்டர் ஊசல் ஓர் அலைவுக்கு 2.009 விநாடி எடுக்கும், இருபது அலைவுக்கு 40.2 விநாடி. ஏன் இருபது? ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் கிட்டத்தட்ட 0.2 விநாடி முன்பின் தவறும். ஒரே ஓர் அலைவை அளந்தால் அது நேரத்தில் 10 விழுக்காட்டுப் பிழை. நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் 20 விழுக்காடு. இருபது அலைவை அளந்தால் அதே 0.2 விநாடி 40 விநாடிக்குள் பரவி, விடையில் 1 விழுக்காடாகச் சுருங்கிவிடும். இதை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. முதலில் ஓர் அலைவை அளக்கச் சொல்லுங்கள். வகுப்பில் ஆளுக்கொரு விடை வரும். பிறகு இருபது. விடைகள் நெருங்கி வருவதைப் பிள்ளைகள் கரும்பலகையில் கண்ணால் பார்க்க வேண்டும்.

எண்ணுவதை ஊசல் நடுப்புள்ளியைக் கடக்கும்போது தொடங்குங்கள், ஓரத்தில் நிற்கும்போது அல்ல. ஓரத்தில் குண்டு மெதுவாகத் திரும்புவதால் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் வேகமாகக் கடப்பதால் அந்தக் கணம் தெளிவாக இருக்கும். பின்னால் சுவரில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்தச் சோதனையில் விடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். 10.8 வந்தால், ஸ்டாப்வாட்ச்சைத் தட்டும்போதே "ஒன்று" என்று எண்ணியிருக்கிறார்கள். "சுழி" என்று தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது என்று நினைப்பது உண்மையில் பத்தொன்பது. 9.64 வந்தால், நீளத்தைக் குண்டின் நடு வரை எடுக்காமல் கொக்கி வரைக்கும் எடுத்து ஒன்றரை செ.மீ.யை விட்டுவிட்டார்கள். 9.45 வந்தால், ஊசலை 30 டிகிரிக்கு இழுத்து விட்டிருக்கிறார்கள். அந்தக் கோணத்தில் அலைவு நேரம் 1.7 விழுக்காடு கூடிவிடும். 5 டிகிரிக்குள் இருந்தால் அந்தக் கூடுதல் 0.05 விழுக்காடுதான். ஒரு மீட்டர் நூலுக்கு 5 டிகிரி என்பது பக்கவாட்டில் 8.7 செ.மீ.

கொக்கிப் பிழைக்கு அழகான ஒரு மருந்து உண்டு. 40, 60, 80, 100, 120 செ.மீ. என்று ஐந்து நீளங்களுக்கு அளந்து, குறுக்கே நீளத்தையும் நெடுக்கே அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போக வேண்டும். போகாமல் நீள அச்சில் ஒன்றரை செ.மீ. இடப்பக்கம் தள்ளி வெட்டினால், விட்டுப்போன நீளம் அதுதான். கோட்டின் சாய்வு மட்டும் மாறாது. மீட்டருக்கு 4.04 என்றே நிற்கும், அதிலிருந்து சரியான விடை கிடைத்துவிடும். எங்கே பிழை இருக்கிறது என்று தெரியாமலே பிழையை நீக்கும் இந்த வழியைப் பார்க்கும்போது, கணக்கில் ஆர்வமில்லாத பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும்.

சரியாகச் செய்தவர்களுக்கு 9.78-க்கு அருகில் வரும். புத்தகத்தில் 9.8. உடனே 9.8 என்று திருத்தி எழுதக் கை பரபரக்கும். அங்கேதான் ஆசிரியர் தடுக்க வேண்டும், ஏனென்றால் 9.78-தான் சென்னைக்குச் சரி. பூமி சுழல்கிறது, நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது. அதனால் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. பாரிசில் 9.81. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்கு எடுத்துப் போனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று ஒதுக்காமல் குறித்து வைத்தார். பூமி சரியான உருண்டை அல்ல என்ற தன் வாதத்துக்கு நியூட்டன் பின்னர் அந்தக் குறிப்பைச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

பள்ளி ஊசலால் சென்னையையும் பாரிசையும் பிரித்துக் காட்ட முடியுமா? வித்தியாசம் 0.3 விழுக்காடு. இருபது அலைவு போதாது. 100 அலைவு வேண்டும், அதாவது 201 விநாடி. அதையும் ஐந்து முறை எடுக்க வேண்டும். நீளத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் அளக்க வேண்டும், இழுக்கும் தூரம் 5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அப்படிச் செய்தால் பிழை 0.015-க்குப் பக்கத்தில் வரும். 9.78-க்கும் 9.81-க்கும் இடையே அது மட்டுமட்டாகப் போதும். "எங்கள் ஊசலின்படி நாங்கள் பாரிசில் இல்லை" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சான்றோடு எழுத முடிகிற நாள், அந்தப் பள்ளிக்கு ஒரு நல்ல நாள்.

செல்போனின் உணர்விகளைக் கொண்டு அளக்க ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது, மிக நல்ல செயலி. ஆனால் கையால் அளந்த பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும் என்பேன். முதலிலேயே கொடுத்தால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பும் பழக்கம் வந்துவிடும்.

நீங்காத பிழை

பிழையைத் துரத்துவது சின்ன வேலை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, ராமன் விளைவு எப்படிக் கிடைத்தது என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்பதையும் 1930 நோபல் பரிசையும் மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். கதையின் உயிர் அதற்கு முன்னால் இருக்கிறது.

கல்கத்தாவில் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், 1923-இல் தண்ணீருக்குள் ஊதா வடிகட்டி வழியே சூரிய ஒளியைச் செலுத்தினார். சிதறி வரும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே பார்த்தார். ஊதா வடிகட்டியைத் தாண்டி வந்த எதையும் பச்சை வடிகட்டி விடக் கூடாது, இருட்டாகத்தான் இருக்க வேண்டும். மங்கலாக ஓர் ஒளி மிச்சமிருந்தது. தண்ணீரில் அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்பது எளிய விளக்கம். தண்ணீரைத் திரும்பத் திரும்ப வாலை வடித்துத் தூய்மையாக்கினார்கள். ஒளி போகவில்லை. பின்னர் எஸ். வெங்கடேஸ்வரன் தூய கிளிசரினில் பச்சை நிறச் சிதறலைக் கண்டார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் திரவம் மாற்றித் திரவமாகச் சோதித்து, அந்த மங்கல் ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருப்பதை, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதைக் காட்டினார். அழுக்கின் ஒளிர்தல் அப்படி இருக்காது. 1928 பிப்ரவரி 28 அன்று நிறமாலை நோக்கியில் பார்த்தபோது, செலுத்திய நிறத்திலிருந்து விலகி வேறு நிறம் தனியாகத் தெரிந்தது. அதுதான் ராமன் விளைவு.

ஐந்து ஆண்டுகள். "அழுக்கு" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மூடியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

சிடி, தலைமுடி, எல்இடி

வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய சிடி ஒரு தரமான விளிம்பு விளைவுக் கீற்றணி, அதாவது நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பல திசைகளில் பிரித்து அனுப்பும் தட்டு. அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. டிவிடியில் 0.74. சிவப்பு லேசர் பேனாவின் அலைநீளத்தை முதல் தட்டால் அளந்து, அந்த அலைநீளத்தை வைத்து இரண்டாவது தட்டின் இடைவெளியையும் ஒரு தலைமுடியின் தடிமனையும் அளக்கலாம்.

முதலில் பாதுகாப்பு. ஒரு மில்லிவாட்டுக்குக் குறைந்த சிவப்பு லேசர் மட்டும் போதும். மலிவான பச்சை லேசர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலிருந்து பச்சையை உண்டாக்குபவை. உள்ளே வடிகட்டி இல்லாவிட்டால் அந்த அகச்சிவப்பும் வெளியே வரும், கண் இமைக்கத் தோன்றாது. லேசரை மேசையில் பொருத்தி, கதிர் யாருடைய கண் மட்டத்திலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வெள்ளை அட்டையின் நடுவில் சின்ன ஓட்டை. அதன் வழியே லேசர் போய், 30 செ.மீ. தள்ளி நிற்கும் சிடியின் வலது ஓரத்தில் பட வேண்டும். அங்கே தடங்கள் செங்குத்தாக ஓடுவதால் புள்ளிகள் கிடைமட்டமாக விரியும். சிடியில் பட்டு நேராகத் திரும்பும் புள்ளி அதே ஓட்டைக்குள் விழும்படி தட்டைத் திருப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் கதிர் செங்குத்தாக விழவில்லை என்று பொருள், இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் சம தூரத்தில் இருக்காது. லேசர் 650 நானோமீட்டர் என்றால், முதல் புள்ளி ஓட்டையிலிருந்து 13.3 செ.மீ. தள்ளி விழும். இரண்டாவது 42 செ.மீ. அருகில், அதற்குப் பெரிய அட்டை வேண்டும்.

இங்கே மிகுதியாக நடக்கும் தவறு, 13.3-ஐ 30-ஆல் வகுத்து அதையே சைன் மதிப்பாக எடுத்துக்கொள்வது. அது டேன்ஜென்ட். சின்னக் கோணங்களில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், 24 டிகிரியில் இருக்காது. அப்படிக் கணக்கிட்டால் 650-க்குப் பதில் 710 நானோமீட்டர் வரும். கோணத்தைக் கண்டுபிடித்து அதன் சைனை எடுத்து 1,600-ஆல் பெருக்க வேண்டும். பேனாவின் மேல் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தை நம்ப வேண்டாம், பெரும்பாலும் 630 முதல் 680 வரை என்றுதான் போட்டிருக்கும். டிவிடியில் முதல் புள்ளி 61 டிகிரிக்குப் போய்விடும், இரண்டாவது வராது. புளூ-ரே தட்டு கிடைத்தால் அதையும் வையுங்கள். அதன் தட இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. செங்குத்தாக விழும் கதிருக்கு ஒரு பக்கப் புள்ளியும் கிடையாது. ஏன் வரவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

தலைமுடிக்கு: லேசரின் வாய்க்குக் குறுக்கே முடியைச் செலோடேப்பால் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் பாருங்கள். 70 மைக்ரோமீட்டர் முடி என்றால், அடுத்தடுத்த இருள்பட்டைகள் 1.9 செ.மீ. இடைவெளியில் விழும். நடு ஒளிப்பட்டை மட்டும் இரட்டை அகலம். அதை ஒரே இடைவெளி என்று எடுத்தால் முடி பாதித் தடிமனாகிவிடும். இடப்பக்கம் மூன்றாவது இருளிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது இருள் வரை அளந்து ஆறால் வகுப்பது பாதுகாப்பானது.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் எல்இடியை வைத்துப் பிளாங்க் மாறிலியை, அதாவது ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் எண்ணைத் தொட்டுப் பார்க்கலாம். நான்கு பென்சில் பேட்டரி, 330 ஓம் மின்தடை, 1 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டர், மல்டிமீட்டர், சிவப்பு, பச்சை, நீல எல்இடி. உறை நிறமற்றதாக இருக்கட்டும். வெள்ளை எல்இடிக்கு நிறப் பிளாஸ்டிக் மாட்டியது உதவாது, அதற்குள் இருப்பது நீல எல்இடியும் மஞ்சள் பூச்சும்தான். இருட்டறையில் எல்இடி மேல் கறுப்புக் குழாய் வைத்துப் பார்த்தபடி மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி, ஒளி முதலில் தெரியும் அளவை எல்இடியின் இரு கால்களுக்கு இடையே குறித்துக்கொள்ளுங்கள். மின்தடையையும் சேர்த்து அளந்துவிடக் கூடாது. அதிர்வெண்ணுக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்து, சாய்வை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் பிளாங்க் மாறிலி. 10, 20 விழுக்காடு விலகினால் வியப்பில்லை. எல்இடி ஒளிரத் தொடங்கும் புள்ளி கூர்மையானதல்ல, மின்னோட்டம் மெல்ல மெல்ல ஏறுகிறது. கண்ணும் நீலத்தையும் பச்சையையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

எல்லாச் சோதனைக்கும் நோட்டில் ஒரே விதி: பென்சில் கூடாது, பேனாதான். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் ஏன் அடித்தோம் என்று ஒரு வரி. மற்றவற்றோடு ஒட்டாத ரீடிங்கையும் எழுத வேண்டும். மதிப்பெண்ணை விடைக்குப் போடாமல் அந்த வரிகளுக்குப் போடுங்கள்.

பிளஸ் டூவுக்குப் பிறகு

இப்படி அளக்கப் பிடித்துப்போன பிள்ளை, "இதையே படிக்கலாமா?" என்று கேட்கும்போது வீட்டில் எழும் கேள்வி சோறு பற்றியது. நியாயமான கேள்வி. தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்கு நேராகப் போகும் வாசல்கள் மூன்று நான்கு. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஏழு ஊர்களில் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்தாண்டுப் பிஎஸ்-எம்எஸ் படிப்பு, ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, மொத்தம் 60, மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று குறையும். கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் எடுத்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். உயிரியலை முழுதாக விட்டால் 240-இல் 60 போய்விடும். பத்தாம் வகுப்பு உயிரியலையும் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களின் செல், மரபியல் பகுதிகளையும் இரண்டு மாதம் படித்தால் அதில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். புவனேஸ்வரில் இருக்கும் தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கும் மும்பையின் அடிப்படை அறிவியல் மையத்துக்கும் நெஸ்ட் தேர்வு. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்பு உண்டு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. ஐ.ஏ.டி., நெஸ்ட் இரண்டும் தமிழில் நடப்பதில்லை. தமிழ் வழியில் படிப்பவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கேள்வி புரியாததால் மதிப்பெண்ணை இழப்பதுதான் பெரிய கொடுமை.

பள்ளியிலேயே தன்னைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் வாக்கில் நடத்தும் தேசியத் தரத் தேர்வை எழுதலாம். அதில் தேறினால் அடுத்த கட்டங்கள், முகாம், இறுதியில் ஐந்து பேர் சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடுக்கு. அந்த ஒலிம்பியாடில் எழுத்துக்கு 30, சோதனைக்கு 20 மதிப்பெண், இரண்டும் ஐந்தைந்து மணி நேரம். ரீடிங்கை உருவாக்கிப் பழகியவருக்கு அந்த இருபதில் ஒன்றும் தேறாது.

இவை எதுவும் அமையாவிட்டாலும் ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து ஆராய்ச்சிக்கு வர முடியும். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு: 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி.யில் எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சியும் இணைந்த படிப்பு. ஊர்க் கல்லூரியில் படிப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இயற்பியல் தெரியாததால் அல்ல, கணக்குப் போட்டுப் பழகாததால். பல்கலைக்கழகத் தேர்வு வருவித்தலை எழுதச் சொல்லும், ஜாம் எண்ணை விடையாகக் கேட்கும். முதலாம் ஆண்டிலிருந்தே நாளுக்கு இரண்டு கணக்கு, விடைப் பக்கத்தைப் பார்க்காமல், தாளில். கூடவே பைத்தான் என்ற கணினி நிரல்மொழி. 30 டிகிரியில் ஆடும் ஊசலின் அலைவு நேரத்தைச் சமன்பாட்டிலிருந்து கணினியில் கணக்கிட்டு, மேலே சொன்ன 1.7 விழுக்காடு வருகிறதா என்று பார்ப்பது நல்ல முதல் பயிற்சி.

பணம்: பொதுத்தேர்வில் தத்தம் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. அதில் 20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு. கல்லூரியில் யாரும் சொல்லாததால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதலாம் ஆண்டிலேயே அறிவிப்பைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். எம்.எஸ்சி.க்குப் பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. பிஎச்.டி. ஐந்து ஆறு ஆண்டு ஆகும், அதன்பின் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி. பேராசிரியர் பணி முப்பதைத் தாண்டித்தான் கிடைக்கும், எல்லோருக்கும் கிடைக்காது. இதை மறைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அநியாயம்.

ஆனால் பேராசிரியர் பணி மட்டுமே இயற்பியல் வேலை அல்ல. அணுசக்தித் துறை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளி வழியாக எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களை அறிவியல் அலுவலர்களாக எடுக்கிறது. கல்பாக்கத்திலும் அந்தப் பயிற்சி உண்டு. எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். இந்தப் பதிவின் முதல் பாதியைச் செயலாக்கக்கூடியவர் அவர்தான்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சைக்கான கதிர்வீச்சை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கி என்ற கருவி எவ்வளவு கதிர்வீச்சு தருகிறது என்பதற்குப் பொறுப்பு மருத்துவ இயற்பியலாளர். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் கருவியின் வெளிப்பாட்டை அளந்து பார்ப்பார்கள். 3 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தால் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. மாதாந்திரச் சோதனையில் எல்லை 2 விழுக்காடு. ஊசலில் 1 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று தேடிய அதே மனம் இங்கே ஒருவரின் உடலைக் காக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. அதன்பின் மருத்துவமனையில் களப்பயிற்சி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தகுதித் தேர்வு. பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை.

கடைசியாக, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் செய்ய வேண்டிய ஒன்று. கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் இருந்து பார்ப்பது. மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பை அக்டோபரிலிருந்து கவனியுங்கள். அதைத் தவிர, நேரடியாக விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் எழுதலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் குழுவின் இணையப் பக்கத்தைப் படித்துவிட்டு, பதினைந்து வரிக்குள் எழுத வேண்டும். யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு. அவருடைய வேலையில் எந்தப் பகுதி புரிந்தது, எது புரியவில்லை. என்ன சோதனை செய்திருக்கிறோம், பிழை எவ்வளவு வந்தது, ஏன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். தங்குமிடம் வேண்டுமா. மதிப்பெண் பட்டியலோடு, நோட்டிலிருந்து ஒரு சோதனையின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து, அடித்தல் திருத்தல்களோடு இணைத்துவிடுங்கள். ஜனவரியில் அனுப்பினால் அவர்களுக்கும் திட்டமிட நேரம் இருக்கும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.